படுத்துப் பார்க்க வேண்டிய பள்ளம்

அவரை முதன்முதலாகப் பார்த்தபோது நான் செத்துக்கொண்டிருந்தேன். குறைந்தபட்சம் அப்படித்தான் நம்பியிருந்தேன். இடது மார்பில் குத்தல், உள்ளங்கையில் வியர்வை, நாக்கு அட்டை மாதிரி காய்ந்துவிட்டது. தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நானே சைக்கிள் மிதித்துக்கொண்டு போனேன். மாரடைப்பு வந்தவன் மேட்டில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறானே என்று அங்கே ஒருவரும் வியக்காதது இன்றைக்கும் எனக்கு ஒரு வருத்தம்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே என் முகத்தைப் பார்த்தார். "சேலம் அனுப்பிடலாம்" என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். சேலம் என்றதும் எனக்கு மயக்கம் வந்துவிட்டது.

"தொட்டுப் பார்த்தீங்களா டாக்டர்?"

வெள்ளைச் சேலை. தோளில் ஊக்கால் குத்திய, தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். நாற்பது வயதைத் தாண்டிய முகம். பதிலுக்குக் காத்திராமல் அவர் என் விலா எலும்புக்குக் கீழே மூன்று விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி நான் ஓர் ஏப்பம் விட்டேன். குத்தல் போய்விட்டது.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"மொச்சைக் கொழம்புங்க."

"எவ்வளவு?"

"சட்டியில இருந்த வரைக்குங்க."

அவர் டாக்டர் பக்கம் திரும்பி, தொண்டையில் கல்லை உருட்டுகிற மாதிரி ஏதோ ஒரு பாஷையில் ஒரு வரி சொன்னார். டாக்டர் சிரித்துத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்ன பாஷை என்று கேட்டேன்.

"ஜெர்மன். திட்டினேன். தமிழ்ல திட்டினா அவருக்குப் புரிஞ்சிடும்."

பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண் அவர். நர்ஸ் வேலை படித்து, கன்னியாஸ்திரிகள் மூலமாகவே ஜெர்மனிக்குப் போய், அங்கே ஆஸ்பத்திரிகளில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஏன் திரும்பினார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். காதல் என்றார்கள், சண்டை என்றார்கள், குளிர் என்றார்கள். நேரில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "பஸ் கெடைச்சுது, வந்துட்டேன்." ஜெர்மனியிலிருந்து பாலக்கோட்டுக்கு பஸ் கிடையாது என்று சுட்டிக்காட்டும் தைரியம் யாருக்கும் வரவில்லை. எனக்கு நிச்சயமாக வரவில்லை. எல்லோரையும் போல நானும் அவரை 'சிஸ்டர்' என்றே கூப்பிட்டேன்.

அவரிடம் எதைச் சொன்னாலும் இரண்டு கேள்வி திரும்பி வரும். "பார்த்தியா? தொட்டியா?" தக்காளிக்காரன் "தேனாட்டம் இருக்கும்மா" என்றால் இந்தக் கேள்வி. கல்யாணத் தரகர் "மாப்பிள்ளை தங்கமான பையன்" என்றால் இந்தக் கேள்வி. தரகர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். சிஸ்டர் குடியிருந்த தெருவில் ஒரு பெண் யாருடனோ ஓடிப்போய்விட்டதாகப் பேச்சு கிளம்பி, குழாயடியில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் குடத்தை வைத்துவிட்டு ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்: "நீ பார்த்தியா? நீ? நீ?" அந்தப் பெண் அரூரில் அக்கா வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தது மறுநாள் தெரிந்தது. அதற்காக யாரும் சிஸ்டரை மன்னிக்கவில்லை. இருந்த ஒரே பொழுதுபோக்கைக் கெடுத்தவரை எந்தத் தெரு மன்னிக்கும்?

அப்போது நான் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். எண்பதுகளின் நடுவில், மழை தொடர்ந்து ஏமாற்றிய காலம். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் வந்து, சுத்தியலோடு மலை மலையாக அலைந்து, வெயிலில் இஞ்சி நிறமாகி ஊர் திரும்பினார்கள். பிறகு தபாலில் அவர்களுடைய அறிக்கை வந்தது. முழுக்க ஜெர்மனில். அதை வைத்துத்தான் மழைநீரைத் தேக்கிப் பூமிக்குள் இறக்கும் கசிவுநீர்க் குட்டை ஒன்றை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யப் போகிறார்கள். இருந்தது ஒரே ஒரு குட்டைக்கான அனுமதி. மெட்ராஸிலிருந்து தலைமைப் பொறியாளர் வருவார்; அதற்குள் ஆங்கில வடிவம் தயாராக வேண்டும்; மொழிபெயர்த்தவரின் கையெழுத்தும் அதில் வேண்டும்.

எங்கள் ஆபீசர் ஓர் அகராதியை வாங்கிவந்து தாமே உட்கார்ந்தார். ஜெர்மன்காரர்கள் நில அமைப்புக்கு வைத்திருக்கும் பேரெல்லாம் வீட்டிலும் உடம்பிலும் இருந்து எடுத்தவை என்பது அவருக்குத் தெரியாது. 'ரும்ப்ஃபிளேஷெ' என்ற சொல்லை இரண்டாக வெட்டி, அகராதியில் தேடி, 'முண்டப் பரப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். 'தர்மபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி ஒரு முண்டம்' என்று நான் டைப் அடித்தேன். அடுத்த பக்கத்தில் 'ஷ்ப்யூல்முல்டெ' வந்தது. அது 'பாத்திரம் கழுவும் தொட்டி' ஆனது. நான் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா அங்க?" என்றார் ஆபீசர்.

பயத்தில் எனக்கு உண்மை வந்துவிடும். அது என் வியாதி. "சார், ஜெர்மன் தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க சார்."

மறுநாள் டியூட்டி முடிந்து சிஸ்டர் வந்தார். நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார்.

"எழுதினவர் நல்லா பார்த்திருக்கார்" என்றார். "மலைக்கு முதுகு, தோள், பாதம்னு பேர் வெச்சிருக்கார். இந்த முண்டம்னு நீங்க எழுதினது தப்பில்ல சார். கையும் காலும் தலையும் தேஞ்சுபோயி ஒடம்பு மட்டும் மிஞ்சின நெலம். மலையா இருந்தது கரைஞ்சு கரைஞ்சு தரையானது. நான் எத்தனை கெழவர்களை இப்படித் திருப்பிப் போட்டிருக்கேன் தெரியுமா? அங்க ஆஸ்பத்திரியில ஒடம்புக்கும் அதே வார்த்தைதான். ஆனா இங்கிலீஷ்ல அப்படிச் சொன்னா சிரிப்பாங்க. வேற போடணும்."

"போடுங்க, போடுங்க."

"எங்க இருக்கு இது?"

"எதும்மா?"

"இந்த ஒடம்பு."

ஆபீசர் அறிக்கையைக் காட்டினார். சிஸ்டர் அதை மூடி வைத்தார். "நோயாளியைப் பார்க்காம நான் சீட்டு எழுதறதில்ல. ஜீப் குடுங்க."

ஜீப் மெட்ராஸ் ஆட்கள் வரும்போது ஓடுவதற்காக நிழலில் நிறுத்தப்பட்டிருந்தது. எனவே சிஸ்டருடைய மொபெட். பின்னால் நான். என் மடியில் ஆபீஸ் டைப்ரைட்டர்.

"அது எதுக்குங்க சிஸ்டர்? வந்து அடிச்சுக்கலாமே."

"பார்த்த எடத்திலயே அடிச்சிடணும். ஆபீஸ் வந்து சேர்றதுக்குள்ள வார்த்தை ஆறிப்போயிடும்."

புளியமரச் சாலையில், மடியில் இரும்பும் தொண்டையில் உயிருமாக நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவர்கள், ஒரு நர்ஸ் யாரையோ தையல் மெஷினோடு கடத்திக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அரூர் ரோட்டில் வயல்வெளிக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் மொட்டைப் பாறைக் குன்று ஒன்று. 'இன்ஸெல்பெர்க்' என்று ஜெர்மன் அறிக்கையில் இருந்தது. தீவு மலை. சிஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். நான் பாதிப் பாறையில், டைப்ரைட்டரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர், தலை சுத்துதுங்க."

"சுத்தட்டும். கையா சுத்துது? அடி."

அடித்தேன். பாறைச் சரிவில் டைப்ரைட்டரின் உருளை ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கமாக இழுத்தது. வரி முடிந்து மணி அடிக்கும்போதெல்லாம் யாரோ எனக்காகவே சாவுமணி அடிப்பதாகத் தோன்றியது. மேலேயிருந்து அவர் குரல் வந்தது: "தீவுதான்யா! சுத்தி கேழ்வரகுக் கொல்லை எல்லாம் தண்ணி மாதிரி கெடக்கு. அங்க ஒரு தீவு, இங்க ஒண்ணு. எட்டிப் பாரு."

"இங்கிருந்தே தெரியுதுங்க" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

"இதுக்கு இங்கிலீஷ்காரனே ஜெர்மன் பேரைத்தான் வெச்சிருக்கான். நல்லா இருக்கற ஒடம்புக்கு எதுக்கு ஆபரேஷன்? அப்படியே விட்டுடு."

ஆனால் பேராசிரியர் ஓரிடத்தில் எங்கள் மலைகளைத் தம் ஊர்ப் பனிமலைகளோடு ஒப்பிட்டிருந்தார். பனி அரித்த பள்ளம் ஒன்றுக்கு ஒரு சொல். சிஸ்டர் அங்கே பேனாவை வைத்துவிட்டார். அவர் இருந்தது ஜெர்மனியின் தட்டையான வடக்குப் பக்கமாம். பனிமலையைக் காலண்டரில்தான் பார்த்தாராம். அகராதியில் இருந்த ஆங்கிலச் சொல்லையே போடச் சொன்னார். கூடவே ஓர் அடிக்குறிப்பு: 'மொழிபெயர்த்தவர் இதை நேரில் பார்த்ததில்லை.'

ஆபீசர் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னம்மா இது? அறிக்கையா, வாக்குமூலமா?"

"பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினா அதுக்கு என்னங்க பேரு?"

பக்கம் பனிமலையைப் பற்றியது. தர்மபுரியில் யாருக்கு நஷ்டம்? ஆபீசர் விட்டுவிட்டார்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால், சித்தேரி மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஊரின் ஒரே கிணற்றில் சேறுதான் இருந்தது. பெண்கள் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள். அறிக்கையில் அந்தப் 'பாத்திரம் கழுவும் தொட்டி' வருவது இந்த ஊருக்குத்தான். பேராசிரியர் எழுதியிருந்தது இது: மலையிலிருந்து வரும் மழைநீர் ஓடையாக ஓடாமல், விரித்த பாய் மாதிரி பரந்து இறங்கி, மிக ஆழம் குறைந்த ஒரு பள்ளம் வழியாக மண்ணை அலசிக்கொண்டு போகிறது. குட்டை வெட்ட இதுவே இடம்.

நாங்கள் போய் நின்றோம். பள்ளமா? கேரம் போர்டு மாதிரி இருந்தது. கல்நட்ட வேலிகள், காய்ந்த நிலக்கடலைத் தாள், இரண்டு ஆடு.

"பேராசிரியருக்கு வெயில் அடிச்சிருக்குமுங்க" என்று திரும்பினேன். சிஸ்டரைக் காணவில்லை. கீழே பார்த்தேன். வெள்ளைச் சேலையோடு மண்ணில் குப்புறக் கிடந்தார்.

நான் போட்ட சத்தத்தில் ஆடுகள் ஓடின. நர்ஸுக்கே மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? 'சிஸ்டர்' என்று கத்தினால் வரவேண்டியவரே அவர்தானே! குடத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். மாதம்மா என்று பேர் என்பது பிறகு தெரிந்தது.

"கத்தாத" என்றார் சிஸ்டர், கன்னத்தை மண்ணிலிருந்து எடுக்காமல். "நீயும் படு."

"எதுக்குங்க?"

"படுன்னா படு."

படுத்தேன். மாதம்மா இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, வூட்ல பாய் இல்லீங்களா? இம்மாந்தூரம் வந்து படுக்கறீங்க?"

கன்னம் மண்ணைத் தொட்டதும் நிலம் மாறிவிட்டது. நின்றபோது சமமாகக் கிடந்த தரை இரண்டு பக்கமும் மெல்ல எழுந்தது. வேலிக்கற்களின் அடிப்பாகம் என் கண்ணுக்கு மேலே இருந்தது. மலைப் பக்கமும் வாய் திறந்திருந்தது; எதிர்ப் பக்கமும் திறந்திருந்தது. நடுவில், ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்த இரண்டு வாழைப்பழம் மாதிரி நாங்கள் கிடந்தோம்.

"மழைக் காலத்துல இங்க எப்படிம்மா?" என்று சிஸ்டர் படுத்தபடியே கேட்டார்.

"மழை பேஞ்சாத்தானுங்களே! பேஞ்ச வருசத்துல செருப்பு மெதந்து போவுங்க. எங்க வூட்டுக்காரரு செருப்பு ஒண்ணு இன்னும் வரலீங்க."

சிஸ்டர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். அங்கேயே அடித்தோம்: 'ஷாலோ வாஷ் டிப்ரஷன்.' தண்ணீர் அலசிப் போகும் ஆழமில்லாப் பள்ளம். மாதம்மா எட்டிப் பார்த்து, "எங்க நெலத்துக்கு எதுக்குங்க ஜெர்மன் பேரும் இங்கிலீஷ் பேரும்?" என்றாள்.

"மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கு ஒன் நெலத்தைக் காட்டணும். அவங்க இங்க வந்து படுக்க மாட்டாங்களே."

"படுத்தா நான் பாய் குடுக்கறனுங்க."

ஆபீசர் அந்தப் பக்கத்தைப் படித்ததும் வெளுத்தார். ஜெர்மன் அறிக்கை வருவதற்கு முன்பே அவர் மெட்ராஸுக்கு எழுதியிருந்தார்: அந்த ஊர் சமவெளி, தண்ணீர் தங்காது, குட்டையைப் பாலக்கோடு ரோட்டின் ஓரத்தில் வெட்டலாம். ரோட்டோரம் என்றால் ஜீப் போகும். அவர் லஞ்சம் வாங்குகிறவர் அல்ல. எழுதிவிட்டார், அவ்வளவுதான். எழுதியதை மாற்றுவது அவருக்கு மீசையை எடுப்பது மாதிரி.

"லெவல் ப்ளெய்ன்னு மாத்துங்க" என்றார். "பள்ளம்னு நீங்க சொல்றீங்க. கண்ணுக்கே தெரியலையாம். டைப்பிஸ்ட்டே சொன்னான்."

நான் சொல்லியிருந்தேன். படுப்பதற்கு முன்னால் தெரியவில்லை என்றுதான் ஆரம்பித்தேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை.

"மாத்த மாட்டேங்க."

"மாத்தலைன்னா இந்தப் பையன் நாளைக்கு இங்க வரவேண்டியதில்லை. பக்கத்தை அடிச்சது அவன்தானே?"

எனக்கு மறுபடியும் மொச்சைக் குத்தல் ஆரம்பித்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு மிகச் சாதுவாக, "சரிங்க. ஒங்க வார்த்தையையே போட்டுக்குங்க. கையெழுத்தும் போடறேன். ஆனா என் வழக்கப்படி அடிக்குறிப்பு இருக்கும்" என்றார்.

ஆபீசருக்கு நிம்மதி. "அடிக்குறிப்பா? தாராளமா. அதை யாரு படிக்கறாங்க?"

என் மேஜைக்கு வந்து, காதோரம் குனிந்து, ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னார் சிஸ்டர். 'இந்தச் சொல்லைத் தேர்ந்தவர் இந்த இடத்தைப் பார்த்ததில்லை.'

என் விரல்கள் விசைகள் மேல் அப்படியே நின்றன. "சிஸ்டர், எனக்குக் குடும்பம் இருக்குதுங்க."

"பொய்யா?"

"நெசந்தானுங்க, ஒரு சம்சாரம், ரெண்டு பசங்க..."

"ஒன் குடும்பத்தைக் கேக்கல. நான் சொன்ன வரி பொய்யா?"

"இல்லீங்க. அதனாலதான் பயமா இருக்குது."

"பயந்துக்கிட்டே அடி. மெஷினுக்குத் தெரியாது."

அடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல், ஒரு வரி டைப் அடித்தது. பிழையே இல்லாமல் அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயத்திலும் என் ஸ்பெல்லிங் கெட்டதில்லை.

தலைமைப் பொறியாளர் வந்தார். தடித்த கண்ணாடி, சஃபாரி சூட். வரைபடங்களைத் தள்ளிவிட்டு அறிக்கையைப் புரட்டினார். பனிமலைப் பக்கத்தில் நின்றார். கீழே படித்தார். சிரித்தார். "யாருங்க இது, இவ்வளவு நேர்மையா?" அன்றிலிருந்து அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை; அந்த மனிதர் அதன் பிறகு அடிக்குறிப்பை மட்டும்தான் படித்தார். ஒவ்வொரு பக்கமாக, கீழ்ப்பகுதியை மட்டும்.

அந்த ஊரைப் பற்றிய பக்கம் வந்தது. சிரிப்பு நின்றது.

"லெவல் ப்ளெய்ன்னு தேர்ந்தெடுத்தது யாரு?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற சிஸ்டர் ஆபீசரைக் காட்டி, "சாருங்க" என்றார்.

"பார்த்தீங்களா நீங்க அந்த எடத்தை?"

"மேப்புல பார்த்தேன் சார்."

"ஜீப்பை எடுங்க."

கடைசியில் ஜீப் நிழலைவிட்டு வெளியே வந்தது. எனக்கு அதில் பின்னால், உதிரி டயர் மேல் இடம் கிடைத்தது.

போய் இறங்கினோம். அதே கேரம் போர்டு. ஆபீசர் முகத்தில் வெளிச்சம். "பாருங்க சார், கிரிக்கெட்டே ஆடலாம்." பொறியாளர் இடுப்பில் கைவைத்து நாலாப்பக்கமும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குப் படுத்தபோது பார்த்தது வெயில் மயக்கமோ? ஊரே கூடிவிட்டது. மாதம்மா முன்வரிசையில், அதே குடத்தோடு. குடம் காலி.

"படுங்க சார்" என்றார் சிஸ்டர்.

"என்னது?"

"கன்னம் மண்ணுல படணும். நின்னு பார்த்தா இது பேசாது."

ஒரு தலைமைப் பொறியாளரைப் படுக்கச் சொல்லி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சஃபாரி சூட்டோடு மண்டியிட்டு, குப்புறப் படுத்துவிட்டார்.

"கூச்சப்படாதீங்க சாமி, நாங்க யாரும் பார்க்கல!" என்று மாதம்மா கூவ, ஊர் சிரித்தது.

பொறியாளர் கன்னத்தை மண்ணில் வைத்தார். பிறகு, "அடடா" என்றார் மெதுவாக. தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "ரெண்டு பக்கமும் தூக்குதே. தண்ணி அங்கிருந்து வந்து... அடடா, இப்படிப் போகும்." அவருடன் வந்த உதவியாளர்கள் இருவரும், சிஸ்டரும் படுத்தார்கள். ஜீப் டிரைவரும் படுத்தார். யாரும் சொல்லாமலே நானும் படுத்தேன். கூட வந்து படுத்த பிள்ளைகளைச் சேர்த்தால், அந்த நிலத்தில் அன்றைக்குக் கடலையைவிட மனிதர்கள்தான் அதிகம் விளைந்திருந்தோம்.

ஆபீசர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி கலையாமல். "பார்வைக்கு லெவலாத்தான் சார் இருக்கு" என்றார்.

சிஸ்டர் படுத்த இடத்திலிருந்தே அவரை அண்ணாந்து பார்த்தார்.

"நீங்க நின்னுக்கிட்டே இருக்கற வரைக்கும் இது சமவெளிதானுங்க சார்."

குட்டை அங்கேதான் வெட்டப்பட்டது. என் தற்காலிக வேலை சீக்கிரமே முடிந்துபோனது. அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. நான் சொந்தமாக டைப்பிங் கடை போட்டேன். மனு எழுத வருகிறவர்களிடம் "பார்த்தீங்களா? தொட்டீங்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

ஒருவழியாக நல்ல மழை பெய்த வருடம், சிஸ்டர் கடை வாசலில் மொபெட்டை நிறுத்தி, ஏறு என்றார். டைப்ரைட்டரை விட்டுவிட்டு வரச் சொன்னார். குட்டை கரைவரைக்கும் ததும்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் கிணற்றடியில் மாதம்மா யாரையோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் அளவுக்கு இறங்கி, மூன்று விரலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நாடி பார்ப்பது போல.

"நீயும் எறங்கு. தொடு."

நான் கரையில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டேன். "ஆழமா இருக்குமோ என்னமோ சிஸ்டர்..."

"எறங்குய்யா. நீ படுத்துப் பார்த்த எடந்தான்."